தாசில்தார் கடித்த ஊர்

குருந்தங்கரம்பையில் மீசை முளைக்கும் வயதுக்கு மேல், கல்யாண வயதுக்குக் கீழ் இருக்கிற பிள்ளைகளில் தாசில்தார் கடிக்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் பதறிவிடக் கூடாது. தாசில்தார் என்பது ஒரு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசற்படிதான் அதற்கு வீடு. யார் வந்தாலும் எழுந்திருக்காது, எதைக் கேட்டாலும் பதில் சொல்லாது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பேர் வைத்தார்கள். அது குரைத்து யாரும் கேட்டதில்லை. கொட்டாவி விடும்போதுகூட வாயைப் பாதிதான் திறக்கும், மீதியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட நாய் ஒரே வருஷத்தில் ஊர் இளவட்டம் முழுவதையும் கடித்தது என்றால், அதற்குக் காரணம் அந்தச் சுகாதார நிலையத்தில் திறக்கப்பட்ட ஓர் அறைதான்.

கீரமங்கலத்திலிருந்து தெற்கே வரும் மினி பஸ் திரும்பிப் போகிற இடத்தில் அந்த நிலையம் இருக்கிறது. எதிரே பஸ் நிறுத்தம், டீக்கடை, சலூன். ஊரின் கண்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தக் கண்களுக்கு நேர் எதிரே, ரோட்டைப் பார்த்த கதவோடு, 'இளைஞர் நல ஆலோசனை அறை' என்று பலகை மாட்டினார்கள். அதற்குள் ஒரு பையன் காலை வைத்தால் போதும். "என்னவாம் அவனுக்கு?" என்று டீக்கடை கேட்கும். "சீக்கா இருக்கும், இல்லேன்னா பொண்ணு விவகாரம்" என்று சலூன் பதில் சொல்லும். பையன் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி அவன் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும்.

அந்த அறைக்கு ஆலோசகராக வந்தவர் மரிய செல்வி. ஆவூர்ப் பக்கம். மூன்று பஸ் மாறி வருவார், மூன்று பஸ் மாறிப் போவார். வந்த புதிதில் அவரிடம் ஆலோசனைக்கு வந்தது சுவரில் இருந்த பல்லி மட்டும்தான். அவர் மணிக்கணக்கில் பொறுமையாகப் பேசியதில் அந்தப் பல்லி மனம் மாறி, கொசுவைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று ஊசி போடும் நர்ஸ் இசைவாணி சத்தியம் செய்வார்.

திருப்பம் கோபிநாத்தால் வந்தது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் முத்துராமனின் மகன். அவனை ஆலங்குடியில் ஏதோ ஒரு நாய் உண்மையாகவே கடித்திருந்தது. ஊசி போட்டதும் தலை சுற்றுகிறது என்றான். காலி நாற்காலி இருந்த ஒரே இடம் மரிய செல்வியின் அறை. இசைவாணி அவனைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார். மரிய செல்வி ஒன்றும் கேட்கவில்லை. மேசை மேல் ஒரு முறம் நிலக்கடலை இருந்தது. அவர் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே இருப்பவன் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியுமா? அவனும் உரித்தான். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கடலை உரிக்கும்போது வாயும் தானாகத் திறந்துகொள்ளும். கால் முறம் காலியானபோது, ஒரு பருவம் முழுக்கக் கல்லூரிக்கே போகவில்லை, போவதாகச் சொல்லிக் கிளம்பி மணமேல்குடிக் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன், திரும்பவே பிடிக்காத நாளும் உண்டு என்று சொன்னான். முறம் காலியானபோது அழுது முடித்திருந்தான்.

அடுத்த வாரம் கோபிநாத் மறுபடி வந்தான்.

"என்னப்பா?" என்றார் இசைவாணி.

"நாய் கடிச்சிருச்சுக்கா."

"எந்த நாய்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். வாசலில் ஒன்றுதான் இருந்தது. "தாசில்தாரு" என்றான்.

இசைவாணி காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். ஊசியை எடுக்காமல் கட்டுத்துணியை எடுத்தார். அன்று மாலையே அவரும் மரிய செல்வியும் சேர்ந்து, ஊசி போடும் அறைக்கும் ஆலோசனை அறைக்கும் நடுவில் இருந்த பின்கதவை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு பீரோவைத் தள்ளி ஓரமாக வைத்தார்கள். அந்த வருஷம் குருந்தங்கரம்பையில் நடந்த வளர்ச்சிப் பணிகளில் அதுதான் பெரிது.

விஷயம் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போனது, ஆனால் இளசுகளின் காதுகளுக்குள்ளேயே சுற்றியது. நாய்க்கடி என்று சொல்லிப் போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மனசு சரியில்லாதவர்கள் வந்தார்கள். போனில் படத்தைக் காட்டி மிரட்டப்பட்ட ஒரு பெண் வந்தாள். மரிய செல்வி அவளோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினார், மிரட்டியவன்தான் திரும்பவில்லை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கல்யாணம் பந்தல்கால் ஊன்றிய பிறகு நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று பந்தல்காரருக்கு இன்றுவரை தெரியாது.

அசாருதீன் வந்தது மழைக்காலத்தில்.

அவனுக்கு இருபது வயது. அத்தா ஜெகபர் அலி சவூதியில் இருந்தார். அம்மா ஆபிதாவும் அவனும் மட்டும் வீட்டில். கோட்டைப்பட்டினத்தில் மீன் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனவன், ஐஸ் நிறைந்த பெட்டியைத் தூக்கும்போது தோளைப் பிசகிக்கொண்டான். கூட வேலை பார்த்தவன் ஒரு மாத்திரை கொடுத்தான். வலி போனது. அப்புறம் வலி இல்லாத நாளிலும் மாத்திரை வேண்டியிருந்தது. அப்புறம் மாத்திரை இல்லாத நாள்தான் வலி என்று ஆனது. பெட்டியைத் தூக்கியவன் தன் உடம்பைத் தூக்க முடியாமல் திரிந்தான். அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் தலையில் நின்றது. தெரிந்தால் அத்தாவுக்குப் போன் போகும், அவர் வேலையைப் போட்டுவிட்டு வருவார், வந்து அவன் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே அவன் இன்னும் ஒன்று போட்டுக்கொள்வான்.

"எந்தக் காலு?" என்றார் இசைவாணி.

"எடது காலுக்கா."

"வலது கால நொண்டிக்கிட்டு வாரியே."

அவன் யோசித்தான். "ரெண்டையும் கடிச்சிருச்சு."

"அப்ப ரெண்டுலயும் கட்டு. உள்ள போ."

மரிய செல்வி முறத்தை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் ஒரு கடலையை எடுத்தான். விரல் நடுங்கியதில் அது கீழே விழுந்து உருண்டது. இன்னொன்றை எடுத்தான், அதுவும் போனது. மூன்றாவதை மரிய செல்வி உரித்து அவன் கையில் வைத்தார்.

"தின்னுங்க தம்பி. உரிக்கிறது மெதுவா வரும்."

அவன் பேசியது கொஞ்சம்தான். அவர் அதட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. இதற்கு வைத்தியம் உண்டு, திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, டாக்டர் பார்த்து மருந்தின் அளவைப் படிப்படியாக இறக்குவார், புதன்கிழமைதோறும் வந்தால் போதும், சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று மட்டும் சொன்னார். நிலையத்து டாக்டர் ஹரிணி அந்தப் பின்கதவு வழியாகவே வந்து அவனைப் பார்த்தார். புதுக்கோட்டைக்குப் பெரிய டாக்டரிடம் போக வேண்டியிருந்தபோது மரிய செல்வியும் அதே பஸ்ஸில் வந்தார். ஊர்க் கண்ணில் படக் கூடாதென்று இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வயல்களை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் அங்கேயே இருந்தார்.

நடுவில் ஒரு முறை சறுக்கினான். முதலில் மாத்திரை கொடுத்த பழைய சேக்காளி வந்து நின்றதும் வாங்கிப் போட்டுவிட்டான். அடுத்த புதன்கிழமை தலை குனிந்து நின்றான்.

"போட்டுட்டேன்க்கா."

"வந்துட்டீங்கல்ல" என்றார் மரிய செல்வி. "உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, அடுத்த தடவ அவன் வந்தா என்ன செய்யலாம்னு பாப்போம்."

அவ்வளவுதான். சறுக்கிவிட்டு வந்தவனுக்கும் அந்த அறையில் அதே நாற்காலிதான்.

இதற்கிடையே வெளியில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. நாய் கடித்தால், கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாய் நன்றாக இருந்தால் பயமில்லை, செத்துப்போனால் கடிபட்டவனுக்கு ஆபத்து. ஆகவே கடிபட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் தாசில்தாரின் உடம்பைத் தங்கள் உடம்புபோல் பார்த்துக்கொண்டார்கள். காலையில் ஒரு வீட்டு இட்லி சாம்பாரில் ஊறி வரும். பதினோரு மணிக்கு ஒரு வீட்டுக் கேப்பைக்கூழ். மத்தியானம் ஆபிதா மீன்சோறு பிசைந்து கொண்டுவருவார். சாயங்காலம் பால்சோறு. பத்து நாள் முடிவதற்குள் யாராவது புதிதாகக் கடிபட்டுவிடுவார்கள், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தாசில்தார் பெருத்தது. அது புரண்டு படுக்க நினைத்தால் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் போய்க் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதன் நிழலில் கோழி ஒன்று குடும்பத்தோடு குடியேறியது.

தன் பொய்க்காக அம்மா ஒரு நாய்க்குச் சோறு சுமப்பது அசாருதீனுக்கு உறுத்தியது.

"விடுங்கம்மா, அது நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். ஒனக்கு ஒன்னுன்னா ஒங்க அத்தாவுக்கு நானா பதில் சொல்றது?" என்பார் ஆபிதா. அவர் விரல் நுனிகளில் மீன்முள் குத்திய புள்ளிகள் இருந்தன. அவன் பார்த்தான். பார்த்தானே தவிர யோசிக்கவில்லை.

முத்துராமனுக்குப் பொறுக்கவில்லை. அவர் பேசினால் மைக் வேண்டாம், மைக்குக்கே அவர் தேவைப்படுவார். பேசிக்கொண்டே இருப்பதால் வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவர் காதில் விழ இடமிருக்காது. ஒற்றை நாய் ஊரையே கடித்துக் குதறுகிறது, எவனும் கேட்கவில்லை என்று மனு மேல் மனு போட்டார். கடைசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றது. வலையும் கண்ணியுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். ஊர் கூடிவிட்டது.

அசாருதீன் அப்போதுதான் காலில் கட்டோடு வந்துகொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் நடையைக் குறைத்தான். நாய் போனால் கடி போகும். கடி போனால் அந்தப் பின்கதவு போகும். மருந்து இறக்குவது இன்னும் பாக்கி இருக்கிறது. பழைய சேக்காளி இன்னும் சலூன் பக்கம்தான் நிற்கிறான். மரிய செல்வி இல்லாத ஒரு புதன்கிழமையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கடிபட்டவங்க யாராச்சும் இதுதான் கடிச்ச நாயின்னு சொல்லணுங்க. அப்பத்தான் ஏத்த முடியும்" என்றார் கண்ணிக்காரர்.

"ஊரே கடிபட்டுக் கெடக்கு, இதுல அடையாளம் வேறயா?" என்றார் முத்துராமன். "இந்தா வாரான் பாருங்க, ஆபிதா மகன், கட்டோட. தம்பி, இங்கிட்டு வா. இதுதானே ஒன்னையக் கடிச்சுச்சு?"

கூட்டம் விலகி வழி விட்டது. டீக்கடை, சலூன், பஸ் நிறுத்தம் எல்லாம் அவனைப் பார்த்தன. சோற்றுச் சட்டியோடு அம்மா முன்வரிசையில் நின்றார். தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். நாய் வண்டியில் ஏறும், அவன் ரகசியம் ரகசியமாகவே இருக்கும். தாசில்தார் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அதற்கு அவன்மேல் எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. மறுபடி மூடிக்கொண்டது.

"இது கடிக்கலங்க" என்றான் அசாருதீன்.

"பின்ன, வேற நாயா?"

"எந்த நாயும் கடிக்கல."

குனிந்து கட்டை அவிழ்த்தான். இசைவாணிக்குத் தாராளமான கை. துணி வந்துகொண்டே இருந்தது, படியைத் தாண்டி ரோடு வரை போனது. உள்ளே கால் நல்ல காலாக இருந்தது.

"நான் இந்த ரூமுக்குத்தான் வாரேன். மரிய செல்வி அக்காவப் பாக்க. வலி மாத்திரை போட்டுப் போட்டுப் பழக்கமாயிருச்சு, விட முடியல. அத விடுறதுக்கு வைத்தியம் பாக்குறேன். நேரா வந்தா பேசுவீங்கன்னு இது மேல பழியப் போட்டேன். இதக் கொண்டு போகாதீங்க."

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்திலேயே சற்று நேரம் நின்றது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அசாருதீன் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

முத்துராமன்தான் முதலில் மூச்சு விட்டார். "சரி, இவன் ஒருத்தன் பொய் சொன்னான். மத்தவனெல்லாம்? எல்லாமா பொய்க்கடி? யோவ், அது வாயத் தொறந்து பாருய்யா, பல்லுல ரத்தம் இருக்கும்."

கண்ணிக்காரர் குந்தி உட்கார்ந்து தாசில்தாரின் வாயைத் திறந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஐயா, இதுக்குப் பல்லே இல்லீங்க."

"ஒன்னு கூடவா?"

"கடவாயில ஒன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான் தொட்டதுல அதுவும் கையோட வந்திருச்சு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அப்போது ஆபிதா சட்டியோடு முன்னால் வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க. அது சாப்புடுற நேரம்" என்று குனிந்து இலையை விரித்தார்.

"ஏம்மா, ஒங்க மகன் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றார் முத்துராமன்.

"விழுந்துச்சு. பல்லு இல்லாத விஷயம் எனக்கு மொத நாளே தெரியும். முள்ளோட மீனு வச்சேன். நக்கிப்புட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. மறுநாள்லேருந்து முள்ளெடுத்துப் பெசஞ்சு கொண்டாரேன்."

அசாருதீன் இப்போது திரும்பினான். "தெரிஞ்சா சும்மா இருந்தீங்க?"

"மாத்திரைன்னு தெரியாது. என்னமோ ஒன்னு ஒன்னையப் போட்டு அரிக்குதுன்னு தெரியும். அங்க போயிட்டு வாரன்னைக்கி ரெண்டு வாய் கூடுதலா சாப்புட்ட." ஆபிதா சோற்றை இலையில் கொட்டினார். "நான் வாயத் தொறந்தா நீ போறத நிப்பாட்டிருவ. அதுக்கு இது வாயில சோத்த ஊட்டுறது லேசா இருந்துச்சு."

கூட்டத்தில் பெண்கள் நின்ற பக்கம் ஓர் அசைவு. சாம்பாரில் ஊறிய இட்லி, கேப்பைக்கூழ், மசித்த முட்டை, குழைந்த சோறு என்று ஆளுக்கொரு ஏனத்தை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடித்துத் தின்கிற பண்டம் ஒருத்தி கையிலும் இல்லை. தங்கள் பிள்ளைகளை எது கடித்தது என்று தெரியாதபோதும், எது கடிக்கவில்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்திகூட இன்னொருத்தியிடம் சொல்லவில்லை. அந்த ஊரில் அவ்வளவு நாள் யாரும் காப்பாற்றிய ரகசியம் அதற்கு முன் இருந்ததில்லை.

முத்துராமனின் கண், பால்சோற்றுக் கிண்ணத்தோடு கடைசியில் நின்ற ஓர் அம்மாளிடம் போய் நின்றது. அவர் மனைவி.

"நீ எங்க இங்க?"

"ஒங்க மகனையும் இதுதானே கடிச்சுச்சு" என்றார் அந்த அம்மாள். "வீட்டுக்கு வாங்க, சொல்றேன். இன்னைக்காச்சும் கேளுங்க."

முத்துராமன் பேச வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரிடமிருந்து ஒன்றும் வராத நாள் அது ஒன்றுதான்.

ரோட்டைப் பார்த்த கதவு கிறீச்சிட்டது. திறந்தே பழக்கமில்லாததால் துருப்பிடித்திருந்தது. மரிய செல்வி தோளால் முட்டித் தள்ளித் திறந்தார்.

"அசாரு தம்பி, வாங்க. கடலை காத்துக்கிட்டு இருக்கு" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

அவன் படியேறி, தாசில்தாரைத் தாண்டி, முன்வாசல் வழியாக உள்ளே போனான். டீக்கடை பார்த்தது. எதுவும் சொல்லவில்லை. சலூன் பக்கம் நின்ற சேக்காளி கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் ஏற வந்தவர்களிடம், அவர்கள் கேளாமலே, "என் மகன் உள்ள டாக்டரப் பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி வெறுமையாகத் திரும்பியது. ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தாலும் தாசில்தாரைத் தூக்க அந்த இரண்டு பேர் போதாது.

அதற்குப் பிறகு பாதிப் பிள்ளைகள் முன்வாசலில் வந்தார்கள். மீதிப் பேருக்கு இன்னும் வெட்கம் விடவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "பூனை பிராண்டிருச்சுக்கா" என்றார்கள். இசைவாணி எந்தப் பூனை என்று கேட்கவில்லை, பின்கதவைக் காட்டினார். மறுநாள் சலூன் கூரையில் கிடந்த பூனைக்கு எங்கிருந்தோ பால் வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம். ஆபிதா அடுப்படியில் சட்டியை இறக்கிவைத்து, வெந்த மத்தி மீனைத் தட்டில் எடுத்தார். அசாருதீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீங்க விடுங்க. நான் எடுக்குறேன்."

"ஒனக்கு எங்க வரும்? சின்ன முள்ளு நெறைய இருக்கும்."

அவன் சதையைப் பிளந்து, நடுமுள்ளைத் தலையிலிருந்து வால் வரை அறுபடாமல் உருவினான். பிறகு மயிர்போன்ற முட்களை ஒவ்வொன்றாக, விரல் நுனியால் பிடித்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். ஆபிதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி முள் வரை அவை நடுங்கவில்லை.

"சோறு குழையட்டும்" என்றான் அவன். "போன வாரம் கொஞ்சம் வெறச்சிருந்துச்சுன்னு தாசில்தாரு மொகத்தச் சுளிச்சிருச்சு."